பாங்கு சொல்லியாகிவிட்டது, கல்லாவுக்குக் கேட்டதா?



மாலை ஆறரை மணி இருக்கும். நெல்லை டவுன் கடைவீதியில் நம்மவர் ஒருவரின் ஜவுளிக்கடை. பக்கத்துப் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொல்லி முடிகிறது. துணி மடித்துக்கொண்டிருந்த பையன் கல்லாப் பக்கம் வந்து தலையைச் சொறிகிறான்.

"மொதலாளி, தொழுதுட்டு வந்திருதேன்."

முதலாளி நிமிர்ந்து பார்க்கவில்லை. "பொறுல, இந்தக் கூட்டம் கொறையட்டும்."

கூட்டம் குறைந்தபோது இஷா பாங்கும் சொல்லியாகிவிட்டது. பையன் துணி மடித்துக்கொண்டேயிருந்தான்.

இத்தனைக்கும் முதலாளி கெட்டவரல்லர். ஹஜ் செய்தவர். பள்ளிவாசல் கட்டட நிதிக்கு யார் வந்து கேட்டாலும் வெறுங்கையோடு அனுப்பாதவர். அவருடைய தலைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் ஆயத்துல் குர்ஸி தொங்குகிறது. இதைப் போன்ற கடைகள் மேலப்பாளையத்தில் எத்தனை, பேட்டையில் எத்தனை, ஏர்வாடியில் எத்தனை என்று நாம் எண்ணப் போவதில்லை. அவரவர் கடையை அவரவர் அறிவர். ஆனால் அந்தப் பையனின் மஃரிபுக்கு மறுமையில் யாரிடம் கணக்குக் கேட்கப்படும் என்பதை மட்டும் இந்த இதழில் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று திருக்குர்ஆன் நான்காம் அத்தியாயத்தின் 103-ஆம் வசனம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வசனம் இடம்பெறும் இடத்தைக் கவனியுங்கள். போர்க்களத்தில் எதிரி முன்னே நிற்கும்போது எப்படித் தொழுவது என்று கற்றுக்கொடுத்துவிட்டு, உடனே அல்லாஹ் நேரத்தைப் பற்றிப் பேசுகிறான். வாள் முனையிலும் வக்து தள்ளிப்போடப்படவில்லை. தொழும் முறைதான் மாற்றிக் கொடுக்கப்பட்டது. தீபாவளி சீஸன் கூட்டமும், முகூர்த்த நாள் கூட்டமும் போர்க்களத்தைவிடக் கடினமானவையா?

வானவர் ஜிப்ரீல் (அலை) இரண்டு நாட்கள் வந்து நபி (ஸல்) அவர்களுக்குத் தொழுவித்துக் காட்டிய செய்தியை நாம் மதரஸாவிலேயே படித்திருக்கிறோம். முதல் நாள் ஒவ்வொரு தொழுகையையும் அதன் ஆரம்ப நேரத்தில். மறுநாள் கடைசி நேரத்தில். இந்த இரண்டுக்கும் இடைப்பட்டதே வக்து என்று சொல்லிக் கொடுக்கப்பட்டது. இதில் வியாபாரிக்கு எவ்வளவு பெரிய சலுகை இருக்கிறது! பாதி கிழித்த துணியைப் போட்டுவிட்டு ஓடு என்று மார்க்கம் சொல்லவில்லை. நிறுத்த எடையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு வரலாம். இருவரில் ஒருவர் முதல் ஜமாஅத்துக்கும் மற்றவர் அடுத்தும் போகலாம். ஆனால் அந்த வாசல் ஒரு நேரத்தில் திறந்து ஒரு நேரத்தில் அடைபடுகிறது. அடைபட்ட பிறகு தொழுவது களா. களாவைக் கடனாகக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் ரொக்க வியாபாரத்தில் பழகிய நமக்குக் கடன் என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அஸர் தொழுகையைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் வியாபாரியின் மொழியிலேயே எச்சரித்திருக்கிறார்கள். அஸரைத் தவறவிட்டவன் தன் குடும்பத்தையும் பொருளையும் பறிகொடுத்தவனைப் போன்றவன் என்ற கருத்தில் இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி புகாரியில் இருக்கிறது. அஸர் எப்போது வருகிறது? மதியச் சாப்பாட்டுக்குப் பின் வீதி மறுபடி சூடு பிடிக்கும் நேரத்தில். சரக்கு லாரி வந்து நிற்கும் நேரத்தில். ஒரு கடை தீப்பிடித்தால் ஊரே கூடி அழுகிறது. ஒரு அஸர் போனதற்கு யாராவது வந்து துக்கம் விசாரித்ததுண்டா?

ஐந்து நேரமும் சூரியனின் போக்கில் குறிக்கப்பட்டிருப்பதைப் பார்த்து, இது சூரியனுக்குச் செய்யும் மரியாதையோ என்று பிற சமுதாய நண்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார். நல்ல கேள்விதான். சூரியன் உதிக்கும்போதும், உச்சியில் நிற்கும்போதும், மறையும் தருவாயிலும் தொழக் கூடாது என்று தடுக்கப்பட்டிருப்பதே அதற்குப் பதில். கும்பிடுகிறவர்கள் தேர்ந்தெடுக்கும் அந்த நேரங்களை நாம் விட்டு விலகுகிறோம். சூரியன் நமக்குக் கடிகாரம். அவ்வளவே.

அந்தக் கடிகாரத்தை நம்மில் எத்தனை பேருக்குப் பார்க்கத் தெரியும்? இங்கேதான் நெல்லைச் சீமைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சேதி இருக்கிறது. கொஞ்சம் கணக்கு வரும். வியாபாரிகளுக்குக் கணக்கு கசக்காது.

நாம் கையில் கட்டியிருப்பது இந்தியத் திட்ட நேரம். 1906-இல் நடைமுறைக்கு வந்த இது உத்தரப்பிரதேசத்தின் மிர்ஸாப்பூர் பக்கமாகச் செல்லும் 82½ பாகைக் கோட்டின் நேரம். திருநெல்வேலி அதற்கு மேற்கே ஏறத்தாழ 77.7 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம் சுமார் 19 நிமிடம் நமக்குச் சூரியன் பிந்துகிறது. ஆகவே நம் ஊரில் கடிகாரம் 12 காட்டும்போது ஆண்டின் எந்த நாளிலும் சூரியன் உச்சியைத் தாண்டியிருக்காது. நவம்பர் முதல் வாரத்தில் 12.03-க்கும், பிப்ரவரி நடுவில் 12.33-க்கும் உச்சி வருகிறது. மற்ற நாட்கள் இந்த இரண்டுக்கும் நடுவில். அதன் பிறகுதான் லுஹர். எங்காவது ஆண்டு முழுவதும் 12.30-க்கே லுஹர் பாங்கு என்று வழக்கம் வைத்திருந்தால், பிப்ரவரியில் அந்தப் பாங்கு வக்துக்கு முன்னால் சொல்லப்படுகிறது என்று பொருள். ஜும்ஆவின் பாங்குக்கும் இதே கதிதான்.

இதைவிடக் கவலை தருவது மஃரிப். வீட்டிலும் கடையிலும் தொங்குகிற நாட்காட்டிகள் பலவற்றில் சென்னை நேரம் அச்சிட்டிருக்கும். 'திருநெல்வேலிக்குப் பத்து நிமிடம் கூட்டிக்கொள்' என்று சிலர் மனதிலே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தீர்க்கரேகைக் கணக்கில் அந்தப் பத்து நிமிடம் சரியே. ஆனால் சென்னை நமக்கு வடக்கேயும் இருக்கிறது. பருவத்துக்குப் பருவம் பகலின் நீளம் இரண்டு ஊர்களிலும் ஒரே மாதிரி கூடிக் குறைவதில்லை. ஜூன் கடைசியில் சென்னைக்கும் நெல்லைக்கும் சூரியன் மறைவதில் வித்தியாசம் இரண்டு மூன்று நிமிடமே. டிசம்பர் கடைசியிலோ 18 நிமிடம்! சென்னையில் 5.48-க்கு மறைகிற சூரியன் இங்கே 6.06 வரை நிற்கிறது. பத்து நிமிடம் கூட்டிக்கொண்டு 5.58-க்கு நோன்பு திறக்கிறவர், தாமிரபரணிக்கு மேற்கே சூரியன் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்போதே பேரீச்சம்பழத்தை வாயில் போடுகிறார். பகலெல்லாம் பட்டினி கிடந்தது எட்டு நிமிடத்தில் போய்விடுகிறது!

ரமளான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாட்கள் முன்னோக்கி நகர்ந்து குளிர்காலத்துக்குள் போகிறது. 2030-ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒன்றும் டிசம்பர் கடைசியில் ஒன்றுமாக இரண்டு முறை ரமளான் தொடங்கும். சென்னைக் கணக்கின் பிழை மிக அதிகமாக இருக்கும் மாதங்கள் அவையே. இன்றைக்கே சரிசெய்ய வேண்டிய காரியம் இது.

கைபேசி இருக்கிறதே என்று இளைஞர்கள் சொல்வார்கள். இருக்கிறது. ஆனால் எந்த ஊர், எந்தக் கணக்கு முறை, அஸருக்கு எந்த மத்ஹப் என்று அதில் நீங்கள்தான் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தீர்களா? துபாயில் வேலை பார்த்துவிட்டு வந்த தம்பி ஒருவரின் கைபேசி, ஊர் திரும்பி மூன்று மாதமாகியும் துபாய் நேரத்துக்கே பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. சிரிப்பாக இருக்கிறது, ஆனால் அவர் அதை நம்பி சஹர் முடித்திருந்தால்?

நம் பள்ளத்தாக்கில் இன்னொரு விசேஷமும் உண்டு. அம்பாசமுத்திரம், பொட்டல்புதூர் பக்கத்தில் மேற்கே பொதிகை மலை மறிக்கிறது. அங்கே சூரியன் மலைக்குப் பின்னால் போவது வேறு, அடிவானத்தில் மறைவது வேறு. மலை மறைத்ததும் மஃரிப் ஆகிவிடாது. கிழக்கே இருள் எழும்புவதையும் பார்க்க வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் இதற்காகவே சொல்லியிருக்கின்றன. ஆற்றின் மறுகோடியில் காயல்பட்டினத்துக்காரர்களுக்குக் கதை வேறு. கடலில் சூரியன் எழுவதை அவர்கள் நேராகப் பார்க்கலாம். பாபநாசத்துக்கும் காயலுக்கும் நேர வித்தியாசம் சுமார் 3 நிமிடம். ஒரே ஆற்றின் தலைக்கும் வாலுக்கும் அவ்வளவு.

கைக்கடிகாரம் இல்லாத நம் பாட்டனார்கள் நிழலை அளந்தார்கள். நீங்களும் செய்து பார்க்கலாம். மொட்டைமாடியில் ஒரு கம்பை நேராக நட்டு வையுங்கள். ஏப்ரல் 12 அளவிலும் ஆகஸ்ட் 30 அளவிலும் நண்பகல் 12.20-க்குத் திருநெல்வேலியில் அந்தக் கம்புக்கு நிழலே இராது. சூரியன் நேர் உச்சியில் நிற்கும். டிசம்பர் கடைசியிலோ ஒரு மீட்டர் கம்புக்கு உச்சி வேளையிலேயே 63 சென்டிமீட்டர் நிழல் வடக்கே விழும். இந்த உச்சி நிழலோடு கம்பின் நீளம் ஒரு மடங்கு கூடினால் ஷாஃபி மத்ஹபின்படி அஸர். இரண்டு மடங்கு கூடினால் ஹனஃபி மத்ஹபின்படி அஸர். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மணி நேரம், பருவத்துக்கேற்பக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். இந்த ஒரு மணி நேரத்தை வைத்துச் சில ஊர்களில் நடந்த வாக்குவாதங்களை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வியாபாரிக்கு அது ரஹ்மத். மூன்றே முக்கால் ஜமாஅத்தைச் சரக்கு லாரி கெடுத்துவிட்டால் அடுத்த தெருவில் நாலே முக்கால் ஜமாஅத் காத்திருக்கிறது. எந்த இமாமும் அதைத் தொழுகையில்லை என்று சொல்லவில்லை.

டமாஸ்கஸின் உமையாப் பள்ளிவாசலில் 14-ஆம் நூற்றாண்டில் இப்னு ஷாத்திர் என்ற பெரும் வானியல் அறிஞர் 'முவக்கித்' என்ற பதவியில் இருந்தார். தொழுகை நேரம் கணிப்பது அவருடைய உத்தியோகம். அதற்கென்றே மினாராவில் சூரிய கடிகாரம் அமைத்தார். பள்ளிவாசல் ஒன்று விஞ்ஞானிக்குச் சம்பளம் கொடுத்த காலம் அது! இன்றைக்கு நம் மஹல்லாக்களில் கணிதம் படித்த பட்டதாரிகளுக்கும், பொறியியல் முடித்த தம்பிகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் நேர அட்டவணை எங்கிருந்து வருகிறது? விளம்பரத்துக்காகக் கம்பெனி அச்சடித்துத் தந்த நாட்காட்டியிலிருந்து. மோதினார் அதைப் பார்த்துப் பாங்கு சொல்கிறார். அவரைக் குறை சொல்ல நமக்கு நாக்கு எழாது. அவருக்கு நாம் கொடுக்கும் சம்பளத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி வீதிக்குத் திரும்புவோம்.

அஸ்ஸாம் சட்டமன்றத்தில் ஸாதுல்லா காலத்தில், 1937-இலிருந்து வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக இரண்டு மணி நேர இடைவேளை இருந்துவந்தது. 2024 ஆகஸ்டில் அதை நிறுத்துவதென முடிவெடுத்தார்கள். நாடு முழுவதும் நம்மவர்கள் கண்டித்தோம், கண்டித்தது சரி. அதே 2024-இல் நாடாளுமன்றத் தேர்தலுக்குத் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19, கேரளத்தில் ஏப்ரல் 26, இரண்டும் வெள்ளிக்கிழமைகள். கேரளத்தில் முஸ்லிம் லீக்கும் சமஸ்தாவும் தேதியை மாற்றக் கோரின. மாறவில்லை. தேர்தல் பணியில் இருந்த முஸ்லிம் ஆசிரியர்களும் அலுவலர்களும் பூத் ஏஜெண்டுகளும் ஜும்ஆவுக்காகத் தவித்ததை நாம் அறிவோம். இவை பற்றி மனுக் கொடுப்போம், கூட்டம் போடுவோம், இன்ஷா அல்லாஹ் இன்னும் உரக்கக் கேட்போம்.

ஆனால் சட்டமன்றத்தில் இரண்டு மணி நேரம் கேட்கிற நாம், நம் கடைப் பையனுக்குப் பதினைந்து நிமிடம் கொடுக்கிறோமா? இந்தக் கேள்வியை எதிரி கேட்பதற்கு முன் நாமே கேட்டுக்கொள்வது நல்லது. அரசாங்கத்திடம் உரிமை என்கிறோம். கல்லாவில் உட்கார்ந்ததும் அதுவே சலுகையாகிவிடுகிறது. இன்னும் வேதனை, மாற்று மதச் சகோதரர்களின் கடைகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர், "அண்ணாச்சி பாங்கு கேட்டதுமே போயிட்டு வாப்பான்னு அனுப்பிருதாரு" என்று சொல்கிறார்கள். நம்மவர் கடையில் இருப்பவன் அப்படிச் சொல்ல முடியவில்லை என்றால் அந்த ஆயத்துல் குர்ஸிச் சட்டத்தை எதற்கு மாட்டினோம்?

நஷ்டம் வரும் என்பார்கள். கணக்குப் போடுவோம். கடை திறந்திருக்கும் நேரத்தில் வருபவை லுஹர், அஸர், மஃரிப், இஷா. நடந்து போய், ஒளுச் செய்து, தொழுது திரும்ப ஒன்றுக்குக் கால் மணி நேரம். மொத்தம் ஒரு மணி. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டமே நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் ஒரு மணி நேரமாவது ஓய்வு கொடுக்க வேண்டும் என்கிறது. காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பதரை வரை நிற்க வைக்கிற கடைகளில் அந்தச் சட்டம் எங்கே இருக்கிறது என்று நாம் கேட்கத் தொடங்கினால் தலையங்கம் வேறு பக்கம் போய்விடும். தொழுகைக்குக் கொடுக்கும் நேரத்தைச் சம்பளத்தில் பிடிக்கும் முதலாளி யாரும் நம் வாசகர்களில் இல்லை என்றே நம்ப விரும்புகிறோம்.

வேலை பார்க்கும் மாற்று மதச் சகோதரர் அந்தப் பதினைந்து நிமிடம் தனியாகக் கடையைச் சுமக்கிறார் என்பதையும் மறக்கலாகாது. அவருக்கும் அதே அளவு உட்காரும் நேரம் கொடுங்கள். நீதி என்பது தொழுபவனுக்கு மட்டும் உரியதன்று.

ஆண்களைப் பற்றியே பேசிவிட்டோம். மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் முக்கூடலிலும் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றும் நம் தாய்மார்களைப் பாருங்கள். ஆயிரம் பீடிக்குத்தான் கூலி. மாலைக்குள் கட்டு முடிய வேண்டும். ஆனாலும் பாங்கு கேட்டதும் தட்டை இறக்கி வைத்துவிட்டு, கையைக் கழுவி, பத்தமடைப் பாயோ பழைய சேலையோ விரித்து நிற்கிறார்கள். பத்துப் பீடி குறைந்தால் அவர்கள் வீட்டில் அது தெரியும். நம் கல்லாவில் ஒரு கிராக்கி போனால் தெரியுமா?

சுப்ஹு விஷயத்தில் இளைஞர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். திருநெல்வேலியில் ஆண்டின் எல்லா நாளிலும் சுப்ஹு பாங்கு காலை 6 மணிக்கு முன்பே வருகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளோ இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. இதை வைத்து அவ்வப்போது எழும் பிரச்சினைகளைச் சட்டப்படி சந்திக்கத்தான் வேண்டும். எல்லா மதத்தாருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்று கேட்கவும் வேண்டும். ஆனால் ஒலிபெருக்கிக்காகக் காவல் நிலைய வாசலில் திரண்ட கூட்டத்தில் கால்வாசி மறுநாள் சுப்ஹு வரிசையில் நின்றதா? இரவு ஒரு மணி வரை கைபேசி வெளிச்சத்தில் விழித்திருப்பவனை எந்த ஒலிபெருக்கி எழுப்பும்? பிலால் (ரலி) அவர்களிடம் ஒலிபெருக்கி இருக்கவில்லை.

வாசலில் ஓடும் ஆற்றில் தினம் ஐந்து முறை குளிப்பவன் உடம்பில் அழுக்கு மிஞ்சுமா என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கேட்டார்கள்; ஐந்து நேரத் தொழுகையும் அப்படியே என்றார்கள். பாலைவனத்தில் இதைக் கேட்டவர்கள் ஆற்றைக் கற்பனையில் பார்த்திருப்பார்கள். நமக்கோ வாசலிலேயே ஆறு. ஆத்தங்கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்த உவமை புரியவில்லை என்றால் வேறு யாருக்குப் புரியும்? (அந்த ஆற்றிலும் பாளையங்கால்வாயிலும் நாம் விடும் சாக்கடையைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

ஆகவே நாம் கேட்பது இரண்டு காரியம். முதலாவது, நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்ட மஹல்லாக்களின் நிர்வாகிகளும், உலமாக்களும், கணிதம் படித்த இளைஞர்களும் அடுத்த ரமளானுக்கு முன் ஓரிடத்தில் உட்கார வேண்டும். காயலுக்கு ஒன்று, நெல்லைக்கு ஒன்று, மலையடிவார ஊர்களுக்கு ஒன்று என நாளுக்கு நாள் கணித்த அட்டவணை தயாரித்து, ஷாஃபி அஸர், ஹனஃபி அஸர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, பள்ளிவாசல் சுவரில் ஒட்ட வேண்டும். அச்சுச் செலவை ஏற்க வியாபாரச் சகோதரர்கள் முன்வருவார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. கம்பெனி விளம்பரம் கீழே போட்டுக்கொள்ளட்டும், ஆட்சேபணையில்லை.

இரண்டாவதற்கு அச்சகம் தேவையில்லை, கூட்டம் தேவையில்லை. நாளைக் காலை கடை திறந்ததும் பையன்களைக் கூப்பிட்டு, "பாங்கு சொன்னா என்கிட்ட கேக்க வேண்டாம், ரெண்டு ரெண்டு பேரா போயிட்டு வாங்கடே" என்று சொல்லிவிடுங்கள்.